ஹார்ட்நெக் பூண்டுன்னு ₹4,200 ஏமாந்தேன், மாடித்தோட்டம் வச்சிருக்கவங்க தயவுசெஞ்சு படிங்க

நேத்து சாயங்காலம் பூண்டு நட்ட பதினாலு பையையும் கவிழ்த்துப் பார்த்துட்டேன். ராத்திரி பூரா தூக்கம் இல்ல. ஆத்திரத்துல எழுதுறேன், முன்னபின்ன இருந்தா பொறுத்துக்கோங்க. பூண்டு வாங்குறப்போ என்னென்ன பார்க்கணும்னு கடைசியில விவரமா சொல்றேன்.

குரோம்பேட்டையில எங்க வீட்டு மாடியில எட்டு வருஷமா தோட்டம் போடுறேன். கத்திரி, வெண்டை, கீரை, அவரைப் பந்தல் எல்லாம் கைப்பழக்கம். பூண்டு மட்டும் போட்டதில்ல. மகளுக்குப் பங்குனியில பிரசவம். பிள்ளை பெத்தவளுக்கு எங்க வீட்டுல பூண்டுக் குழம்பும் பூண்டு லேகியமும் கட்டாயம் உண்டு. மருந்தடிக்காத பூண்டு என் கையால விளைஞ்சதா இருக்கணும்னு ஆசைப்பட்டேன்.

அக்டோபர் முதல் வாரம், பாரம்பரிய விதை விக்கிற ஒரு இன்ஸ்டாகிராம் பக்கத்துல வீடியோ பார்த்தேன். ஹார்ட்நெக்னு, அதாவது நடுவுல கெட்டித் தண்டு இருக்கிற ரகம்னு, ஒரு பூண்டைக் குறுக்கா வெட்டிக் காட்டுறாங்க. நடுவுல பென்சில் கனத்துக்குக் கெட்டியா ஒரு தண்டு. அதைச் சுத்தி ஒரே வட்டமா எட்டுப் பல்லு, தோல்ல ஊதாக் கோடு. ஒரு பூண்டு 350 ரூபா. உடனே வாங்கிடல. போன் பண்ணிக் கேட்டேன், “தம்பி, சென்னை வெயிலுக்கு இது வருமா?” “அம்மா, சென்னையில மட்டும் நூறு பேருக்கு மேல கொடுத்திருக்கோம். நல்லா பழக்கின ரகம். வரலைன்னா முழுப் பணமும் திருப்பித் தர்றேன், உங்க பையன் மாதிரி நினைச்சுக்கோங்க”ன்னான். அந்த ஒரு வார்த்தையில விழுந்துட்டேன். பன்னிரண்டு பூண்டு, ₹4,200, அப்பவே ஜிபே பண்ணிட்டேன்.

பார்சல் வந்தப்பவே சந்தேகம் வந்துச்சு, அதைத்தான் தாங்க முடியல. நடுத்தண்டு இல்ல. கழுத்தைப் பிடிச்சா காகிதம் மாதிரி மடங்குது. வெளியில பெரிய பல்லு நாலஞ்சு, உரிச்சா உள்ள இன்னொரு சுத்து, நடுவுல கிராம்பு தடிமனுக்குச் சின்னச் சின்னதா. கூப்பிட்டுக் கேட்டேன். “தண்டை கூரியருக்காக நறுக்கிட்டோம்மா, எடை கூடும்ல”ன்னான். வெளியில நீட்டிட்டு இருக்கிறதைத்தானே நறுக்க முடியும், பல்லுக்கு நடுவுல இருக்கிறது எங்க போகும்? அது எனக்கு அன்னைக்கு உறைக்கல. நம்பி நட்டேன்.

ஐப்பசி மழையில பாதி அழுகிடுச்சு. மீதி தாள் மட்டும் பச்சையா நின்னுச்சு. பொங்கலுக்கு ஒண்ணைப் பிடுங்கிப் பார்த்தேன், அடி வெங்காயத்தாள் மாதிரி இருந்துச்சு. போட்டோ அனுப்பினேன். “இன்னும் ஒரு மாசம் பொறுங்கம்மா.” மாசி பொறந்து கேட்டா, “யூரியா போட்டீங்களா?” நான் மண்புழு உரமும் பஞ்சகவ்யாவும் தவிர எதுவும் போடுறதில்ல. அதைச் சொன்னா, “அப்போ சத்து பத்தல.” பணத்தைக் கேட்டதும் அந்தத் தம்பி போய் வேற ஆள் வந்தாரு. “பார்சல் பிரிக்கிற வீடியோ ஏழு நாளுக்குள்ள அனுப்பியிருக்கணும் மேடம், உயிருள்ள பொருளுக்கு ரீஃபண்ட் கிடையாது.” வாங்குறப்போ அம்மா, கேட்குறப்போ மேடம். முந்தாநாள் பிளாக் பண்ணிட்டாங்க.

நேத்து பையைக் கவிழ்த்தா, மொத்தமா ஒரு கைப்பிடி. பல்லே பிரியல, சுண்டைக்காய் அளவுக்கு ஒத்தை உருண்டை. இதுக்கு ₹4,200. நடாம ரெண்டு பூண்டை அடுக்களையில வச்சிருந்தேன். கீழ் வீட்டுப் பொண்ணு மன்னவனூர்க்காரி, கொடைக்கானல் பக்கம், பூண்டு போடுற குடும்பம். கையில வாங்கி ஒரு தடவை நசுக்கிப் பார்த்துட்டு, “இது கடைப் பூண்டு ஆன்ட்டி”ன்னா.

அதுக்கப்புறம் உட்கார்ந்து தேடிப் படிச்சேன். வயித்தெரிச்சல் இன்னும் ஜாஸ்தியாச்சு. அவங்க நிஜ ஹார்ட்நெக்கையே அனுப்பியிருந்தாலும் இங்க விளைஞ்சிருக்காது. குளிர் நாட்டுல பனிக்காலத்துக்கு முன்னாடி நட்டு, பனிக்கு அடியில கிடந்து, ஜூன் ஜூலையில எடுக்கிற பயிர் அது. பத்து டிகிரிக்குக் கீழ பல வாரம் குளிர்ந்தாத்தான் பல்லு பிரியும். அப்புறம் பகல் நீளணும். நமக்கு மார்கழி ராத்திரியே இருபது டிகிரி, அப்போ பகல் பதினொன்றரை மணி நேரம்கூட இல்ல. இது விதை விக்கிறவனுக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் வித்திருக்கான்.

விவரமா எழுதணும்னுதான் உட்கார்ந்தேன், மனசு ஓடல. இதை மட்டும் பிடிச்சுக்கோங்க. ஹார்ட்நெக்னா ஒரு பூண்டை உடைச்சு, நடுத்தண்டு தெரியிற மாதிரி வீடியோ கேளுங்க, நீங்க சொல்ற அன்னிக்கே எடுத்ததா இருக்கணும். பூண்டு விதைன்னு கறுப்பா பாக்கெட்ல வந்தா தொடாதீங்க, பூண்டு பல்லு வச்சு வளர்க்கிற பயிர். திருப்பித் தர்றேன்னு வாயால சொன்னா, அதையே வாட்ஸப்ல எழுதி வாங்குங்க. சென்னை மாடியில பூண்டுத்தாள் வேணும்னா கடைப் பூண்டையே ஊன்றலாம், தாள் அருமையா வரும், அதுக்கு நாலாயிரம் வேண்டாம். மலைப்பூண்டு வேணுங்கிறவங்க 2019ல புவிசார் குறியீடு வாங்கின கொடைக்கானல் பூண்டையே வாங்குங்க, நானும் அதைத்தான் இப்போ சொல்லி அனுப்பியிருக்கேன்.

நுகர்வோர் உதவி எண் 1915ல காலையில புகார் கொடுத்துட்டேன். ஜிபே ரசீது, சாட், பார்சல் கவர் எல்லாம் பத்திரமா இருக்கு. மகள் போன்ல அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தோம். அதே வீடியோ இன்னும் ஓடுது, அதே தண்டு, அதே எட்டுப் பல்லு. விலையை மட்டும் 400 ஆக்கியிருக்காங்க. கீழே ஒரு அம்மா, “ஆவடிக்கு அனுப்புவீங்களா தம்பி?”ன்னு கேட்டிருக்காங்க.