லிஸ்பனின் எதிர்க்கரை பரெய்ரு: படகுக்கு நல்ல மதிப்பெண், வீட்டுக்குப் பார்த்துத்தான்

வேலையை மடிக்கணினியிலேயே கொண்டுபோகிறவர் போர்ச்சுகலின் தலைநகர் லிஸ்பனுக்குள் வாடகை கட்டித் தவிக்க வேண்டியதில்லை. தேஜோ ஆற்றின் தென்கரையில் இருக்கும் பரெய்ரு, ரயிலும் ரசாயன ஆலையும் வளர்த்த பழைய தொழிலாளர் ஊர். அழகு பார்த்து யாரும் அங்கே குடியேறுவதில்லை. வாடகையும் படகும்தான் இழுக்கின்றன.

‘நவெகான்டே மெட்ரோபாலிடன்’ மாதப் பாஸ் 40 யூரோ. 2019 ஏப்ரலில் வந்த இந்தப் பாஸில் பெருநகரப் பகுதியின் 18 நகராட்சிகளிலும் படகு, மெட்ரோ, டிராம், பேருந்து, புறநகர் ரயில் எல்லாம் அடக்கம். பக்கத்திலேயே 30 யூரோ பாஸ் ஒன்றும் இருக்கும். அது ஒரே நகராட்சிக்குள் மட்டும் செல்லும். ஆற்றைத் தாண்ட உதவாது. பாஸ் நாட்காட்டி மாதக் கணக்கு என்பதால் 20-ம் தேதி ஏற்றினாலும் மாதக் கடைசியோடு தீர்ந்துவிடும். நடு மாதத்தில் வந்திறங்குகிறவர் அந்த மாதம் முடியும்வரை ‘ஜாப்பிங்’ முறையில், அதாவது சாதா அட்டையில் பணம் ஏற்றி ஒவ்வொரு பயணத்துக்கும் கழித்துக்கொண்டு, போய்வரலாம். வாரத்துக்கு இரண்டு நாளாவது ஆற்றைக் கடக்கிறவருக்கே பாஸ் லாபம்.

படகு சுமார் 20 நிமிடத்தில் லிஸ்பன் பக்கத்துத் துறையான தெரெய்ரு டு பாசுவில் இறக்கிவிடும். அங்கேயே மெட்ரோவின் நீலப் பாதை. ஆனால் விளம்பரத்தில் வரும் ‘20 நிமிடம்’ படகுக்கு மட்டும். துறை ஊரின் ஓரத்தில் இருக்கிறது. வீட்டிலிருந்து துறைக்கு, காத்திருப்பு, அந்தப் பக்கம் மெட்ரோ எல்லாம் சேர்த்தால் ஒரு மணி நேரம் வைத்துக்கொள்வதே நியாயம். குளிர்காலக் காலை மூடுபனியும் வேலைநிறுத்தமும் படகை நிறுத்திவிடும். அப்போது மாற்று வழி: பரெய்ரு நிலையத்திலிருந்து சாதோ பாதை ரயிலில் பின்யால் நோவு போய், அங்கே ஃபெர்தாகுஸ் ரயிலுக்கு மாறிப் பாலம் வழியாக லிஸ்பன். சுற்றுதான், ஆனால் பாஸ் அங்கும் செல்லும். வாரம் நாலைந்து நாள் அலுவலகம் போக வேண்டியவருக்குப் பரெய்ரு சரிப்படாது. பத்து நிமிடப் படகுள்ள அல்மாடாவின் கசில்யாஸ் பக்கம், வாடகை கூடினாலும், மேல்.

இனி வீடு. புகார் எல்லாம் இங்கேதான். பழைய அடுக்ககங்களில் மைய வெப்பமூட்டி கிடையாது. ஜன்னல் ஒற்றைக் கண்ணாடி. நவம்பர் முதல் மார்ச் வரை வெளியே இருப்பதைவிட உள்ளே குளிர்வது போலிருக்கும். சுவரில் ஈரம் தங்கிக் கரும்பூஞ்சை பிடிக்கும். வீடு பார்க்கும்போது வடக்குப் பார்த்த அறையில் அலமாரியை நகர்த்திப் பாருங்கள். மூலையில் மட்டும் புது வண்ணம் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். ஈரம் உறிஞ்சும் இயந்திரம் வாங்கும் செலவை முதலிலேயே கணக்கில் சேர்த்துவிடுவது நல்லது.

வீட்டிலிருந்தே வேலை செய்கிறவர் கவனிக்காமல் விடுவது மின் ஒப்பந்தத் திறன், அதாவது வீடு ஒரே நேரத்தில் இழுக்கக்கூடிய மின்சாரத்தின் உச்ச அளவு. பல சிறு வீடுகளில் அது 3.45 கேவிஏ, அதாவது 230 வோல்ட்டில் 15 ஆம்பியர். 2,000 வாட் ஹீட்டர் ஓடும்போது 2,000 வாட் கெட்டிலையும் போட்டால் மின்சாரம் துண்டிக்கும், ரவுட்டரும் அணையும், கூட்டத்தின் நடுவே நீங்கள் காணாமல் போவீர்கள். ரசீதில் ‘பொதென்சியா கொன்த்ரதாதா’ என்ற வரியைப் பாருங்கள். 5.75 அல்லது 6.9-க்கு உயர்த்தினால் தினசரிக் கட்டணம் சற்று ஏறும், தலைவலி போகும். ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் ஒரு சிறு யுபிஎஸ் இருப்பதும் நல்லது.

தொலைவேலைக்கான டி8 விசாவுக்கு மாத வருமானம் போர்ச்சுகலின் குறைந்தபட்சச் சம்பளத்தின் நான்கு மடங்கு வேண்டும். 2025-ல் அது 870 யூரோ வீதம் 3,480 யூரோவாக இருந்தது. தங்குமிடச் சான்றும் கேட்பார்கள் என்பதால், வாடகை ஒப்பந்தத்தை வரித்துறையில் பதிவு செய்ய மாட்டேன் என்னும் உரிமையாளரிடம் வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் போகாதீர்கள். 2023 சட்டப்படி முன்பணமாக இரண்டு மாத வாடகை, வைப்புத்தொகையாக இரண்டு மாத வாடகை என்பதே உச்சவரம்பு. உள்ளூர் ஜாமீன்தாரர் இல்லாத வெளிநாட்டவரிடம் ஆறு மாத வாடகை கேட்கிறவர்கள் உண்டு. பேரம் பேசலாம், ஆனால் ரசீது இல்லாமல் ஒரு யூரோவும் தராதீர்கள்.

ஒரு வருட ஒப்பந்தத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது நான்கு மாதம் முடிந்த பிறகுதான் குடியிருப்பவர் விலகுவதாக அறிவிக்க முடியும். அறிவித்த பிறகு 120 நாள் காத்திருக்கவும் வேண்டும். ஆக, எட்டு மாதத்துக்குக் கட்டுண்டுதான் இருப்பீர்கள். இணைய நிறுவனங்களோ வழக்கமாக 24 மாதப் பிணைப்பை நீட்டுவார்கள். பாதியில் விட்டால் அபராதம். பிணைப்பில்லாத திட்டம் இருக்கிறதா என்று கேளுங்கள். அதில் நிறுவுகைக் கட்டணம் முதலிலேயே போகும்.