ஃபோல்ஜர் நூலகத்தின் ஷேக்ஸ்பியர் கோடைப் பயிற்சி: எதற்காகப் போகலாம், எங்கே சறுக்கும்

ஷேக்ஸ்பியரைப் பற்றி நிறையத் தெரிந்துகொண்டு வரலாம் என்ற ஆசையில் பள்ளி ஆசிரியர்களுக்கான இந்தப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கிறவர்கள் முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டியது: அந்த அறிவு இங்கே துணைச் சரக்குதான். வகுப்பில் ஆசிரியர் எந்த நேரத்தில் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பதைத்தான் நான்கு வாரமும் பழக்குகிறார்கள். இருபது வருடம் பாடம் நடத்திய கைக்கு இது கடினமான பாடம்.

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடத்துக்குப் பின்னால், காங்கிரஸ் நூலகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது ஃபோல்ஜர் ஷேக்ஸ்பியர் நூலகம். எண்ணெய் நிறுவனத் தலைவராக இருந்த ஹென்றி ஃபோல்ஜரும் அவர் மனைவி எமிலியும் சேர்த்த நூல்களோடு 1932-இல் திறக்கப்பட்டது. 1623-இல் வந்த ஷேக்ஸ்பியர் நாடகத் தொகுப்பான ‘ஃபர்ஸ்ட் ஃபோலியோ’வின் 82 பிரதிகள் இங்கே இருக்கின்றன, உலகில் வேறெங்கும் இத்தனை கிடையாது. ‘டீச்சிங் ஷேக்ஸ்பியர் இன்ஸ்டிட்யூட்’ என்ற இந்தப் பயிற்சி 1984-இல் தொடங்கியது. முன்னின்று நடத்தியவர் பெகி ஓ'பிரையன். முழு வடிவம் நான்கு வாரம். நாடெங்கிலுமிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட ஏறக்குறைய 25 ஆசிரியர்கள். ஆண்டுதோறும் நடப்பதில்லை. கட்டடப் புதுப்பிப்புக்காக மூடியிருந்த நூலகம் 2024 ஜூனில்தான் மறுபடி திறந்தது.

பயிற்சி மூன்று இழைகளால் ஆனது. ஷேக்ஸ்பியர் ஆய்வாளர்களின் விரிவுரை, நடிகர்களோடு நின்று செய்யும் பயிற்சி, அனுபவப்பட்ட பள்ளி ஆசிரியர்களோடு பாடத் தயாரிப்பு. இவற்றுக்கு நடுவே வாசிப்பறையில் பழைய நூல்களைக் கையில் எடுத்துப் பார்க்கும் நேரமும் உண்டு. விரிவுரைகள் அறிவுக்கு விருந்து. ஆனால் பள்ளி திறந்த பிறகு வகுப்பில் மிஞ்சி நிற்பவை மற்ற இரண்டும்தான்.

பழைய நூல் பார்ப்பது வெறும் தரிசனம் என்று நினைத்துவிடக் கூடாது. நாடகத்தை வகுப்புக்காக வெட்டிச் சுருக்கும் துணிச்சல் அங்கிருந்துதான் வருகிறது. ‘ஹாம்லெட்’டையே எடுத்துக்கொள்ளுங்கள். 1603-இல் வந்த முதல் பதிப்பின் நீளம், அடுத்து வந்த பதிப்பின் பாதியைச் சற்றே தாண்டும். ‘டு பீ, ஆர் நாட் டு பீ’க்குப் பிறகு ‘தட் இஸ் த க்வெஸ்சன்’ என்று உலகமே எதிர்பார்க்கும் இடத்தில், அதில் ‘ஐ, தேர்ஸ் த பாயிண்ட்’ என்று இருக்கிறது. (அந்தப் பதிப்பில் இன்று எஞ்சியவை இரண்டே பிரதிகள், அவை ஃபோல்ஜரில் இல்லை, நகல்பதிப்பை வைத்தே ஒப்பிடலாம்.) பிரதி என்பது கல்வெட்டு இல்லை என்று ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால், நான்காயிரம் வரியை நாற்பது பீரியடுக்குள் அடைக்க நினைத்து மூச்சு வாங்குகிற பழக்கம் விட்டுப்போகும். ‘மக்பெத்’தில் சூனியக்காரிகளின் தலைவி ஹெக்கட்டி வரும் பகுதிகள், அக்கால நாடகாசிரியர் தாமஸ் மிடில்டனின் கைவேலை என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அதை எடுத்துவிட்டால் கதையில் ஓர் இழைகூட அறுபடாது. ஹாம்லெட்டை ‘அமலாதித்யன்’ ஆக்கி மேடையேற்றிய பம்மல் சம்பந்த முதலியாரைத் தெரிந்த நமக்கு இந்தத் துணிச்சல் புதிதும் இல்லை. வகுப்பறைக்குள் மட்டும் ஏனோ அதை மறந்துவிடுகிறோம்.

இனி செய்முறை. ஃபோல்ஜர் முறையில் பெயர் சூட்டிய பயிற்சிகள் சில இருக்கின்றன. வரிசை முக்கியம்: ஒரு சொல், ஒரு வரி, இரண்டு வரி, ஓர் உரை, ஒரு காட்சி என்று மேலே ஏறுகிறது. பயிற்சி முடித்துப் போகிறவர்களில் பலர் கோட்டை விடும் இடம் இதுதான். பிடித்த விளையாட்டு இரண்டை மட்டும் வெள்ளிக்கிழமைக் கடைசிப் பீரியடில் ஆடிவிட்டு, திங்கட்கிழமை மறுபடி நோட்ஸ் சொல்ல ஆரம்பித்தால் மாணவர்களுக்குப் பந்து நினைவிருக்கும், வரி நினைவிருக்காது.

பந்து என்றது ‘டாஸிங் லைன்ஸ்’ பயிற்சியை. ஆளுக்கு ஒரு வரி எழுதிய சீட்டு. வட்டமாக நின்று, தன் வரியை உரக்கச் சொல்லிக்கொண்டே எதிரில் இருப்பவருக்குப் பந்தை எறிய வேண்டும். மூன்று சுற்றுக்குப் பிறகு, இந்த வரிகளை வைத்து நாடகம் எதைப் பற்றியதாக இருக்கும் என்று கேட்கிறார்கள். பொருள் புரிவதற்கு முன்பே சொல் வாயில் பழகிவிடுகிறது. வரி பத்துச் சொல்லுக்குள் இருக்க வேண்டும். ‘ஃபேர் இஸ் ஃபவுல், அண்ட் ஃபவுல் இஸ் ஃபேர்’ அளவு சரி. நீண்ட வரி கொடுத்தால் சீட்டைப் பார்த்துக்கொண்டே எறிவார்கள், பந்து ஜன்னலுக்குப் போகும். பஞ்சுப் பந்தோ கசக்கிய காகிதமோ போதும். நாற்பது பேர் வகுப்பில் ஒரே வட்டம் வேண்டாம். தன் முறை வருவதற்குள் பாதிப் பேர் அரட்டையில் இறங்கியிருப்பார்கள். பத்துப் பேருக்கு ஒரு வட்டம்.

சேர்ந்து வாசித்தல், பார்க்க நம் பழைய திண்ணைப் பள்ளி போலவே இருக்கும். வேறுபாடு, ஒவ்வொரு சுற்றிலும் வாசிக்கும் விதம் மாறுவதில் இருக்கிறது. முதலில் எல்லோரும் ஒரே நேரத்தில், தன் வேகத்தில், உரக்க. இரண்டாவது, ஒருவர் ஒரு வாக்கியம்: முற்றுப்புள்ளி, கேள்விக்குறி வந்தால் அடுத்தவர். மூன்றாவது, மீண்டும் சேர்ந்து. ஒவ்வொரு சுற்றுக்கும் பிறகு கேள்வி ஒன்றே: இப்போது என்ன புதிதாகத் தெரிகிறது? அகராதி மூன்றாம் சுற்றுக்குப் பிறகுதான். முதல் சுற்றிலேயே அருஞ்சொற்பொருள் கொடுத்துவிட்டால் அடுத்த இரண்டு சுற்றுக்கு வேலையே இல்லாமல் போகும். ‘மக்பெத்’ தொடக்கத்தில் சூனியக்காரிகள் பேசும் பத்துப் பன்னிரண்டு வரி இதற்கு வாகான இடம்.

உரையை வெட்டும் பயிற்சிதான் எல்லாவற்றிலும் கனமானது. முதல் அங்கம் ஏழாம் காட்சியில் மக்பெத்தின் தனிமொழி 28 வரி. நான்கு பேர் கொண்ட குழு அதை 14 வரியாக்க வேண்டும். நீக்கலாம், சேர்க்கவோ இடம் மாற்றவோ கூடாது. பதினைந்து நிமிடம், பிறகு ஒவ்வொரு குழுவும் தன் வெட்டை உரக்க வாசித்து ஏன் என்று சொல்ல வேண்டும். இரண்டு தவறு கண்டிப்பாக நடக்கும். ஷேக்ஸ்பியரின் வாக்கியம் பல வரிக்கு ஓடுவதால், வரி வரியாக அடித்தால் எழுவாய் ஒரு பக்கமும் பயனிலை காணாமலும் நிற்கும். வெட்டுவதற்கு முன் முற்றுப்புள்ளிகளை வட்டமிடச் சொன்னால் இது தீரும். இரண்டாவது, உவமைகளை எல்லாம் தூக்கிவிட்டுக் கதையை மட்டும் வைத்துக்கொள்வார்கள். அதைத் திருத்த வேண்டாம். உவமையை வைத்த குழுவையும் நீக்கிய குழுவையும் அடுத்தடுத்து வாசிக்கச் சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றால், எது இழந்தது என்று காதே சொல்லிவிடும். பயிற்சியில் ஆசிரியர்களையே இந்த இடத்தில் நிறுத்தித்தான் பழக்குகிறார்கள், விளக்கம் சொல்லத் துடிக்கும் வாயை அடக்க.

காட்சியை நின்று செய்யும் ‘த்ரீ-டி லிட்’டில் வகுப்பே நாடகக் குழு: சிலர் நடிப்பார்கள், மற்றவர்கள் இயக்குவார்கள், வாசிப்பவர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். ‘எ மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்’மில் தொழிலாளிகள் நாடகம் போடத் திட்டமிடும் காட்சி, ஆறு பாத்திரம், நகைச்சுவை, தொடக்கத்துக்கு அதுவே ஏற்றது. நேரம்தான் இடிக்கிறது. நாற்பத்தைந்து நிமிடப் பீரியடில் இது முடியாது. அடுத்தடுத்து இரண்டு பீரியடு கிடைக்காவிட்டால் தொடங்காமல் இருப்பதே மேல்.

குறை என்று பார்த்தால் இரண்டு. தேர்வுக்கு இந்தப் பயிற்சி அதிகம் உதவாது. மாணவர்கள் தயாரிக்கும் ‘ப்ராம்ப்ட் புக்’, அதாவது வெட்டு, அசைவு, குரல், நிறுத்தம் எல்லாம் குறித்த நாடகப் பிரதி, நல்ல மதிப்பீட்டுக் கருவிதான். ஆனால் ஐந்து மதிப்பெண் கேள்விக்குப் பதில் எழுதப் பழகுவது தனி வேலை. அதற்கு நேரம் ஒதுக்காவிட்டால் பெற்றோர் கேள்வி கேட்பார்கள், கேட்பதும் நியாயம்.

அடுத்தது, ஆங்கிலம் வீட்டுமொழியாக இல்லாத வகுப்பு. தொனியும் அழுத்தமும் என்ற முதல் பயிற்சி, ஒரே வாக்கியத்தில் வெவ்வேறு சொல்லை அழுத்தினால் பொருள் மாறுவதைக் காட்டுகிறது. ஆங்கிலம் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இது ஒரு நிமிட வேலை. தமிழ்ப் பிள்ளைக்குச் சட்டென்று பிடிபடாது. ஆங்கிலம் குரலில் செய்யும் வேலையை நாம் பெரும்பாலும் ‘தான்’, ‘ஏ’, ‘ஆவது’ போட்டோ, சொல்லை இடம் மாற்றியோ முடித்துவிடுகிறோம். ‘நானா பணம் எடுத்தேன்’, ‘நான் பணமா எடுத்தேன்’ என்று முதலில் தமிழில் சொல்லவைத்து, இதையே ஆங்கிலத்தில் சொல்லை மாற்றாமல் குரலால் மட்டும் சொல்லச் சொன்னால் பத்து நிமிடத்தில் வழிக்கு வரும். அதைச் செய்யாமல் நேரே ஷேக்ஸ்பியர் வரிக்குப் போனால், கத்துவதுதான் அழுத்தம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

செலவும் தகுதியும். முழுப் பயிற்சிக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை; ‘நேஷனல் எண்டோவ்மென்ட் ஃபார் த ஹியூமானிட்டிஸ்’ என்ற அரசு நிதியமைப்பின் உதவித்தொகை பயணம், தங்குமிடம், சாப்பாட்டுக்காக வரும். அந்தத் தொகைக்கு வருமான வரி உண்டு என்பதைப் பலர் அடுத்த ஆண்டுதான் கண்டுபிடிக்கிறார்கள். அந்த நிதியமைப்பின் கோடைப் பயிற்சிகளுக்கு விண்ணப்பக் கெடு வழக்கமாக மார்ச் தொடக்கம். விண்ணப்பக் கட்டுரையில் ஷேக்ஸ்பியர் மீதான காதலை வருணிப்பதைவிட, உங்கள் வகுப்பில் எந்தக் காட்சி எந்த இடத்தில் செத்து விழுகிறது என்று எழுதுவது நல்லது. அமெரிக்கர் அல்லாதவர்கள் அங்கே மூன்றாண்டாவது குடியிருந்திருக்க வேண்டும். ஆக, டெக்சாஸிலோ நியூ ஜெர்சியிலோ பள்ளியில் வேலை பார்க்கும் நம்மவர்கள் முயலலாம், மதுரையிலிருந்து முடியாது. இன்னொன்று: 2025 ஏப்ரலில் இந்த நிதியமைப்பு தான் வழங்கிய மானியங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றை ரத்து செய்தது. எனவே அடுத்த கோடையில் என்ன வடிவில் நடக்கிறது என்று நூலகத்திடமே உறுதி செய்துகொண்டு விடுப்புக்கு எழுதிக் கொடுங்கள்.

போக முடியாதவர்களுக்கும் கதவு அடைக்கவில்லை. நாடகங்களின் முழு உரையை ஃபோல்ஜர் இலவசமாகவே இணையத்தில் தருகிறது. தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்தில் உள்ள ‘ஆல் த வேர்ல்ட்ஸ் எ ஸ்டேஜ்’ 28 வரி. வெட்டுவதற்கும் சேர்ந்து வாசிப்பதற்கும் அப்படியே பொருந்தும். அதில் வரும் மனித வாழ்வின் ஏழு பருவத்தைக் கரும்பலகையில் அட்டவணை போட்டுவிட்டு வாசிக்கச் சொல்லாதீர்கள். அட்டவணை வந்தபிறகு வரியை யார் பார்ப்பார்கள்? பகுதியை 14 புள்ளி எழுத்தில், இரட்டை இடைவெளியில், வலப்பக்கம் மூன்று விரல் ஓரம் விட்டு, அடிக்குறிப்பு இல்லாமல் அச்செடுங்கள். அந்த ஓரம் மாணவர்கள் எழுதுவதற்கு. அதில் ஆசிரியர் பொருள் எழுதிக் கொடுக்கக் கூடாது.