குளிருக்கு முன் பூக்கன்று நட்டுத் தருகிறோம் என்று வருபவர்களிடம் கவனம்

ரொறன்ரோப் பகுதியில் ஸ்காபரோ, மார்க்கம் பக்கம் வளவு வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் வாசியுங்கள். ஓகஸ்ட் முடிந்ததும் கதவிடுக்கில் துண்டுப்பிரசுரம் செருகிவிட்டுப் போவார்கள். வருடா வருடம் தானாக முளைக்கும் பூக்கன்றுகளைக் குளிருக்கு முன் நட்டுத் தருவோம், ஒரு வருட உத்தரவாதம் என்று தமிழிலேயே இருக்கும். அப்படி ஒருவர் எங்களிடம் 900 டொலர் வாங்கி ஏமாற்றிவிட்டார்.

வந்தவர் நன்றாகத்தான் பேசினார். "அக்கா, ஒண்டுக்கும் யோசியாதேங்கோ, செப்டெம்பர் கடைசிக்குள்ள நட்டு முடிச்சிடுவன்." பாதிக் காசை முன்பணமாக வாங்கினார். கைக்காசாகத் தந்தால் எச்எஸ்டி (விற்பனை வரி) இல்லை என்றார், பற்றுச்சீட்டும் இல்லை. ஆள் வந்ததோ நவம்பர் நடுவில், உறைபனி விழத் தொடங்கிய பிறகு.

இந்தத் தாமதம் வேண்டுமென்றே செய்ததுதான் என்று நினைக்கிறேன். இந்தக் கன்றுகளில் பல குளிர் வந்ததும் மேலே கருகிவிடும். வேர் மட்டும் மண்ணுக்குள் உயிரோடு கிடந்து வசந்தத்தில் துளிர்க்கும். அதனால் நவம்பரில் உயிருள்ள தொட்டியும் செத்த தொட்டியும் பார்வைக்கு ஒன்றுதான், ஒரு பிடி காய்ந்த குச்சி. மே மாதம்தான் உண்மை தெரியும். அதற்குள் முழுக்காசும் கைமாறிவிடும்.

நிலம் உறைவதற்கு ஏறத்தாழ ஆறு கிழமைக்கு முன்பாவது நட்டால்தான் புது வேர் ஓடும். ரொறன்ரோவில் செப்டெம்பரும் ஒக்டோபர் முதற்பாதியும் தோதான காலம். வேர் பிடிக்காத கன்றை, உறைந்து உறைந்து இளகும் களிமண் மேலே தள்ளிவிடும். ஏப்ரலில் எங்கள் எக்கினேசியாப் பூக்கன்றை இரண்டு விரலால் பிடித்தேன், முழுதாகக் கையோடு வந்தது. வேர்கள் தொட்டியின் வடிவத்திலேயே சுற்றிக் கிடந்தன. ஒன்றுகூட வெளிமண்ணுக்குள் போகவில்லை. ஓரத்தில் நின்றதைக் கிளறினால் கறுப்புப் பிளாஸ்டிக் தட்டுப்பட்டது. தொட்டியோடேயே புதைத்திருக்கிறார்கள்! அதில் பாதி கிழிந்த செம்மஞ்சள் ஸ்டிக்கர், கழிவு விலை 3 டொலர். எங்களுக்கு ஒவ்வொன்றும் 25 டொலர் என்று கணக்குப் போட்டவர்.

லவெண்டரிலும் ஏமாற்று. காய்ந்த பூத்தலையின் உச்சியில் முயல்காது போல இதழ்கள் நின்றன, அது ஸ்பானிஷ் லவெண்டர். பொதுவாக 8ஆம் குளிர்வலயத்துச் செடி (வலய எண் குறையக் குறையக் குளிர் கூடும்). ரொறன்ரோப் பக்கம் பெரும்பாலும் 6, 7. இங்கிலிஷ் லவெண்டர் என்றால் 5ஆம் வலயத்துக் குளிரையே தாங்கும். பியோனிக் கிழங்கை அரையடி ஆழத்தில் போட்டிருந்தார்கள். அதன் முளைக்கண் இரண்டு அங்குலத்துக்கு மேல் ஆழமாகப் போனால் இலை வரும், பூ வராது.

உத்தரவாதத்தைக் கேட்டால், "ஸ்னோவில செத்ததுக்கு நான் என்னக்கா செய்யிறது?" என்றார். அப்புறம் தொலைபேசியையே எடுப்பதில்லை.

யாரையும் வேலைக்குப் பிடிப்பதற்கு முன் கன்றின் பெயர், வலயம், எண்ணிக்கை, நடும் தேதி எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். குளிரில் செத்தாலும் உத்தரவாதம் உண்டா என்பதையும் எழுதச் சொல்லுங்கள். பெயர்ச்சீட்டு இல்லாத தொட்டியை இறக்கவே விடாதீர்கள். ஒன்றிரண்டைத் தொட்டியிலிருந்து உருவிப் பாருங்கள்: நல்ல வேர் வெளிறி உறுதியாக இருக்கும், செத்தது பழுப்பாகி நசுங்கும். சேடம் (sedum) என்ற தடித்த இலைச் செடி என்றால் அடியில் குட்டி மொட்டுகள் இருக்கும்.

ஒன்ராறியோ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2002 நம் பக்கம் இருக்கிறது. வீட்டுக்கு வந்து 50 டொலருக்கு மேல் ஒப்பந்தம் எழுதினால், எழுத்து நகல் கைக்கு வந்த 10 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யலாம். சொன்ன தேதி தாண்டி 30 நாளாகியும் வேலை தொடங்கவில்லையா, தொடங்குவதற்கு முன் ரத்துச் செய்து முன்பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். நவம்பரில் வாசலில் வந்து நிற்பவரை அப்படியே திருப்பி அனுப்பலாம்.

இன்னொன்று. மண்வெட்டி போடுவதற்கு முன் ஒன்ராறியோ வன் கோல் (Ontario One Call) என்ற சேவைக்கு அறிவித்து, நிலத்தடி எரிவாயு, மின் இணைப்புகளைக் குறித்தார்களா என்று கேளுங்கள். அது இலவசம், சட்டப்படி கட்டாயமும்கூட. எங்கள் வீட்டில் அதைச் செய்யாமலே எரிவாயு மீற்றருக்குப் பக்கத்தில் கிண்டியிருக்கிறார்கள். நினைத்தால் இப்போதும் நெஞ்சு பதறுகிறது.