முடிவில்லாத வேதனையா, முழு அழிவா? நரகம் பற்றிய கிறிஸ்தவ நம்பிக்கைகள்: ஓர் ஒப்பீடு

கிருஷ்ணகிரிப் பக்கம் எங்களைப் போன்ற கலப்புக் குடும்பங்கள் நிறைய உண்டு. என் அப்பா வழி லுத்தரன் சபை. மனைவி வீட்டில் மாரியம்மன் பண்டிகை. இப்படிப்பட்ட வீட்டில் ஒரு சாவு விழுந்தால் நரகம் பற்றிய கேள்வி நடுக்கூடத்துக்கே வந்துவிடும். காவேரிப்பட்டணத்தில் மாமியார் காலமானபோது என் மகள் கேட்டாள்: "பாட்டி இப்ப எங்கப்பா இருப்பாங்க?" ஒவ்வொரு கிறிஸ்துமஸ் ஆராதனைக்கும் எங்களோடு வந்து, நெற்றிக் குங்குமத்தோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, பாட்டு முடியும் வரை கைகூப்பியபடியே இருந்த பாட்டி அவர். மழுப்பலாக ஏதோ சொல்லிச் சமாளிக்க எனக்கு மனம் வரவில்லை. எந்த நிலையை நம்புகிறேன் என்று நானே முடிவு செய்தாக வேண்டியிருந்தது.

கிறிஸ்தவர்களிடையே இதில் நான்கு நிலைகள் உண்டு. கெட்டுப்போகிறவர்கள், அதாவது இரட்சிப்பை இழப்பவர்கள், முடிவில்லாமல் வேதனைப்படுவார்கள் என்பது ஒன்று. இரட்சிக்கப்பட்டவர்களே சுத்திகரிக்கப்படும் உத்தரிக்கிற ஸ்தலம் ஒன்று உண்டு என்பது இன்னொன்று. கடைசியில் எல்லாரும் மீட்கப்படுவார்கள் என்பது மூன்றாவது. நியாயத்தீர்ப்புக்குப் பிறகு கெட்டவர்கள் தண்டனை பெற்று முற்றிலும் இல்லாமல் போவார்கள் என்பது நான்காவது. நான் நிற்பது இந்த நான்காவதில்.

முதல் நிலைக்குத்தான் ஆள்பலமும் வரலாற்றுப் பலமும் அதிகம். திருச்சபைத் தந்தைகளில் ஒருவரான அகுஸ்தீன் 5ஆம் நூற்றாண்டிலேயே இதை விரிவாக வாதாடி நிலைநிறுத்திவிட்டார். அமெரிக்காவின் மிசௌரி லுத்தரன் மிஷன் 1895இல் இந்தியாவில் வேலையைத் தொடங்கியதே கிருஷ்ணகிரியில்தான். அந்த மரபு ஏற்றுக்கொண்ட 1530ஆம் ஆண்டின் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை, தண்டனைக்கு ஒரு முடிவு வரும் என்று சொல்பவர்களை 17ஆம் பிரிவில் வெளிப்படையாகவே கண்டிக்கிறது. அதாவது, நான் எடுத்த நிலை நான் வளர்ந்த சபையின் அறிக்கைக்கு எதிரானது. இதை மறைக்க விரும்பவில்லை. வேத ஆதாரமும் முதல் நிலைக்கு வலுவாகவே இருக்கிறது. மத்தேயு 25:46இல் நித்திய ஆக்கினையும் நித்திய ஜீவனும் ஒரே வசனத்தில் வருகின்றன. ஒன்று முடிவில்லாதது என்றால் மற்றதும் அப்படித்தானே என்று கேட்பது நியாயமான கேள்வி.

உத்தரிக்கிற ஸ்தலத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது நரகத்துக்கு மாற்று அல்ல. அங்கே போகிறவர்கள் மோட்சத்துக்குப் போவது உறுதி என்பதுதான் கத்தோலிக்கப் போதனை. ஆயர்கள் கூடிய ஃபுளோரன்ஸ், திரிதெந்து திருச்சபைச் சங்கங்கள் அதை உறுதி செய்தன. நரகமும் நித்தியமானதுதான் என்று 1992இல் வெளிவந்த அவர்களது மறைக்கல்வி நூல் சொல்கிறது. கடவுளை விட்டு என்றென்றும் பிரிந்திருப்பதே அதன் முதன்மையான தண்டனை என்கிறது. இங்கே கிருஷ்ணகிரி, தர்மபுரி ஆகிய இரண்டு மாவட்டங்களுக்கும் சேர்த்து 1997 முதல் தர்மபுரி மறைமாவட்டம் இருக்கிறது. நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் அவர்கள் கல்லறைகளைக் கழுவி, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி ஜெபிப்பதைப் பார்த்திருக்கிறேன். இறந்தவருக்காக இன்னும் ஏதோ செய்ய முடிகிறது என்ற ஆறுதல் பெரியது. ஆனால் என் கேள்வி கடைசியில் கெட்டுப்போகிறவர்களைப் பற்றியது. அதற்கு இதில் புதிய பதில் இல்லை.

எல்லாரும் மீட்கப்படுவார்கள் என்ற நிலை மனதை இழுக்கிறது. திருச்சபையின் ஆரம்பகால இறையியலாளர்களில் 3ஆம் நூற்றாண்டில் ஓரிகன், அடுத்த நூற்றாண்டில் நிசாவின் கிரகோரி ஆகியோர் இந்த நம்பிக்கையைச் சொன்னார்கள். ஓரிகனின் பெயர் 553இல் கான்ஸ்டான்டிநோபிள் சங்கத்தின் கண்டனத்துக்கு உள்ளானது. கிரகோரியைத் திருச்சபை இன்றும் புனிதராகவே போற்றுகிறது. "கிறிஸ்துவுக்குள் எல்லாரும் உயிர்ப்பிக்கப்படுவார்கள்" என்று அப்போஸ்தலன் பவுல் எழுதியிருக்கிறாரே என்று இந்த நிலைக்காரர்கள் கேட்டால் சட்டென்று மறுக்க முடியாது. ஆனால் கேட்டுக்கு, அதாவது நாசத்துக்கு, போகிற விசாலமான வழியைப் பற்றி இயேசு எச்சரித்தபோது, அதில் போய் நிஜமாகவே கெட்டுப்போக முடியும் என்றுதான் சொல்கிறார். அந்த எச்சரிக்கையை வெறும் மிரட்டலாக என்னால் வாசிக்க முடியவில்லை.

சரி, நான்காவது நிலைக்கு வருவோம். இதைச் சொல்பவர்கள் நேற்று முளைத்தவர்கள் அல்ல. ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபைக்கு இதுவே அதிகாரபூர்வமான போதனை. ஆங்கிலிக்கன் போதகரான ஜான் ஸ்டாட் 1988இல் தயக்கத்தோடுதான் என்றாலும் இந்தப் பக்கம் சாய்வதாக வெளிப்படையாகச் சொன்னார். மனிதனுக்குச் சாகாத ஆத்துமா இயல்பாகவே உண்டு என்று வேதம் சொல்வதில்லை என்பது இதன் அடிப்படை. சாவாமையுள்ளவர் தேவன் ஒருவரே என்கிறது 1 தீமோத்தேயு 6:16. ஆதியாகமத்தில் பாவம் செய்த மனிதன் என்றைக்கும் உயிரோடிராதபடி ஜீவவிருட்சத்துக்குப் போகும் வழியே அடைக்கப்படுகிறது. பாவத்தின் சம்பளம் மரணம் என்று பவுல் சொல்கிறார். ஆத்துமாவையும் சரீரத்தையும் நரகத்திலே அழிக்க வல்லவருக்குப் பயப்படுங்கள் என்று இயேசு சொல்கிறார்.

"அவியாத அக்கினி என்று இருக்கிறதே" என்பார்கள். பதரை அவியாத அக்கினியால் சுட்டெரிப்பார் என்று யோவான்ஸ்நானன் சொல்வது களத்தில் நடக்கும் காரியம். எங்கள் பக்கம் கேழ்வரகு அடித்துத் தூற்றிய பிறகு ஒதுக்கிய பதருக்குத் தீ வைத்தால், காற்று பிடித்துக்கொண்ட பிறகு யாராலும் கிட்டே போக முடியாது. விடிந்து பார்த்தால் கையளவு சாம்பல் இருக்கும். யாராலும் அவிக்க முடியாத தீ அது, ஆனால் பதர் மிஞ்சவில்லை. எருசலேமின் வாசல்களில் அவியாத நெருப்பைக் கொளுத்துவேன் என்று எரேமியாவில் தேவன் சொன்னார். அந்த வாசல்கள் இன்றைக்கும் எரிந்துகொண்டிருக்கவில்லை. சோதோம் நகரம் அடைந்ததை நித்திய அக்கினியின் ஆக்கினை என்கிறது யூதாவின் நிருபம்; அதே சோதோம் சாம்பலாக்கப்பட்டது என்கிறது 2 பேதுரு.

ஆனால் என்னை முடிவெடுக்க வைத்தது இந்த வசனங்கள் எதுவுமே இல்லை. எங்கள் பக்கத்து அடக்க ஆராதனைகளில் அடிக்கடி வாசிக்கும் வெளிப்படுத்தின விசேஷம் 21:4தான்: "இனி மரணமுமில்லை, துக்கமுமில்லை, அலறுதலுமில்லை, வருத்தமுமில்லை, முந்தினவைகள் ஒழிந்துபோயின." முதல் நிலை சரி என்றால், அந்த நாளுக்குப் பிறகும் தேவனுடைய படைப்பில் ஏதோ ஓர் இடத்தில் அலறுதல் இருந்துகொண்டே இருக்கும். பாவமும் வெறுப்பும் அங்கே நிரந்தரமாகக் குடியிருக்கும். தீமை அடைத்து வைக்கப்படுமே தவிர ஒழியாது.

இதற்கு முதல் நிலைக்காரர்களிடம் பதில் இருக்கிறது. அந்த வசனம் "அவர்களுடைய கண்ணீர்" என்றுதான் தொடங்குகிறது. அது தேவனுடைய ஜனங்களுக்கு மட்டும் என்பார்கள். சரி, அவர்களையே எடுத்துக்கொள்வோம். ஒரு தாய் அங்கே இருக்கிறாள், மகன் வேதனையில் இருக்கிறான். அவள் கண்ணீரை எப்படித் துடைப்பது? அவனை மறக்கச் செய்தா? மகனை மறந்தவள் அதே தாய்தானா? பரிசுத்தவான்கள் அந்தத் தண்டனையைக் காண்பார்கள் என்று 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் எழுதினார். கண்டும் ஒரு தாய் சந்தோஷமாக இருப்பாள் என்றால், அன்பு என்று நாம் இதுவரை சொல்லிவந்ததற்கு என்ன பொருள்?

அழிவு என்றாலும் அந்தத் தாய்க்கு மகன் இல்லைதானே என்று கேட்கலாம். உண்மைதான். அந்த இழப்பை நான்காவது நிலை இல்லாமல் செய்துவிடவில்லை. இந்த ஓர் இடத்தில் மூன்றாவது நிலையின் பதில்தான் நல்லது. ஆனால் முடிந்துபோன ஒரு சாவுக்காக அழுபவளைத் தேற்ற முடியும். நடந்துகொண்டே இருக்கும் சித்திரவதைக்காக அழுபவளைத் தேற்ற முடியாது. நாலு வசனம் தள்ளி 21:8இல் அக்கினிக்கடல் திரும்பவும் வருகிறது, அங்கேயும் அதற்குக் கொடுத்திருக்கும் பெயர் இரண்டாம் மரணம். அதற்கு முந்தின அதிகாரத்தில் மரணமும் பாதாளமுமே அந்தக் கடலில் தள்ளப்படுகின்றன. கடைசிச் சத்துருவாகிய மரணம் பரிகரிக்கப்பட்டு, தேவனே சகலத்திலும் சகலமுமாயிருப்பார் என்று பவுல் 1 கொரிந்தியர் 15இல் முடிப்பதும் இதோடு பொருந்துகிறது.

தண்டனை லேசாகிவிடுகிறது என்று பயப்படவும் வேண்டாம். சில அடிகள், அநேக அடிகள் என்று லூக்கா 12இல் அளவு இருக்கிறது. அவரவர் செய்ததற்கு ஏற்ற தண்டனை, அதன் பிறகு அழிவு. மனைவியின் தாய்மாமா ஒருமுறை கேட்டார்: "எங்க நரகத்துலகூடத் தண்டனை முடிஞ்சா மறுபிறவி உண்டு மாப்பிள்ளை. உங்க சாமி கொடுக்கிற தண்டனைக்கு முடிவே இல்லையாமே?" மறுபிறவியை நான் நம்பவில்லை. ஆனால் எண்பது வருஷப் பாவத்துக்கு எல்லையில்லாத வேதனை எந்தக் கணக்கு என்று அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது.

என் நிலைக்கும் இடிக்கும் இடங்கள் உண்டு. வெளிப்படுத்தல் 20:10இல் பிசாசும் மிருகமும் கள்ளத்தீர்க்கதரிசியும் சதாகாலங்களிலும் வாதிக்கப்படுவார்கள் என்று நேராகவே இருக்கிறது. அது மனிதர்களைப் பற்றியது அல்ல, அந்தப் புத்தகமே அடையாளங்களால் ஆனது என்று சொல்லலாம். அந்தப் பதில் எனக்கே முழுத் திருப்தி தரவில்லை. இறந்த பணக்காரன் நெருப்பில் வேதனைப்படுவதாக இயேசு சொன்ன ஐசுவரியவான் லாசரு உவமையில் வருவது நியாயத்தீர்ப்புக்கு முந்தைய பாதாளம் என்பதால் அது அவ்வளவு இடிக்கவில்லை. இன்னொன்று: இந்த நம்பிக்கையோடு சாகக் கிடந்த யாருடைய பக்கத்திலும் நான் இருந்ததில்லை. அந்த நேரத்தில் இது எப்படித் தாங்கும் என்று அனுபவத்தில் சொல்ல முடியாது.

மகளிடம் என்ன சொன்னேன் என்றால்: பாட்டியை நியாயந்தீர்க்கப்போகிறவர் பாட்டியை நம்மைவிட நன்றாக அறிந்தவர், யார் கெட்டுப்போவார்கள் என்று பெயர் சொல்ல நமக்கு அதிகாரம் இல்லை, யாரையும் முடிவில்லாமல் வதைத்துக்கொண்டிருக்கிறவர் அல்ல அவர். முதல் இரண்டையும் எங்கள் போதகரும் ஒப்புக்கொள்வார். மூன்றாவதை ஒப்புக்கொள்ள மாட்டார், அதை அவரிடமே சொல்லியும்விட்டேன். ஓய்வுநாள் பள்ளியில் என் முறை வரும்போது சபையின் அறிக்கை சொல்வதை அப்படியே சொல்லித் தருகிறேன். பிள்ளைகள் யாராவது "நீங்க என்ன நம்புறீங்க அண்ணா?" என்று கேட்டால் மட்டும் 21:4ஐ எடுத்து வாசிக்கச் சொல்கிறேன்.