தேரிப் புழுதிக்கு எந்த ஃபில்டர்? பிள்ளைகள் டர்ட் பைக்குக்கு ஓர் ஒப்பீடு

ஆனி, ஆடியில் வள்ளியூர், பணகுடிப் பக்கம் காற்று எழும்பினால், நிறுத்தி வைத்த கார் மேல் விரலால் பெயர் எழுதும் அளவுக்குப் புழுதி படிந்துவிடும். அந்தப் புழுதிக்குள்தான் பிள்ளைகள் 50 சிசி வண்டியை முறுக்குகிறார்கள். சின்ன வண்டி தரையை ஒட்டி ஓடுவது. முன்னால் அண்ணன் ஒரு வண்டியில் போனால் அவன் கிளப்புகிற மண் அத்தனையும் தம்பி வண்டிக்குத்தான். அதை இன்ஜினுக்குள் விடாமல் தடுப்பது ஏர் ஃபில்டர்.

மண்ணிலும் வித்தியாசம் உண்டு. தாமிரபரணி ஆற்று மணல் பருவட்டு. ஃபில்டரின் மேல்தோலிலேயே நின்றுவிடும், தட்டினால் பாதி உதிரும். கோவில்பட்டிக் கரிசல் காய்ந்து பொடிந்தால் மாவு. திசையன்விளை, உடன்குடிப் பக்கத்துத் தேரி (செம்மணல் மேடு) மண் காற்றே சலித்துக் கொண்டுவந்து போட்ட மணல். அதன் செம்பொடி ஸ்பாஞ்சின் உள்ளறை வரை இறங்கும். (குதிரைமொழித் தேரி காப்புக்காடு. அங்கே வண்டியை இறக்க வேண்டாம். சொந்த விளையில் கிடக்கும் செம்மண்ணே போதும்.)

ஃபோமா, பேப்பரா, காட்டனா?

ஹோண்டா சிஆர்எஃப் 50எஃப், யமஹா பிடபிள்யூ 50, கவாஸாகி கேஎல்எக்ஸ் 110 எல்லாவற்றிலும் கம்பெனி வைத்திருப்பது எண்ணெய் தோய்த்த ஃபோம், அதாவது ஸ்பாஞ்ச்தான். பேப்பர் ஃபில்டர் மடிப்பின் மேல்பரப்பில் மட்டுமே தூசியைப் பிடிக்கும். ரோட்டு வண்டிக்கு அது போதும். தேரியில் ஒரே நாளில் மடிப்பு அடைத்துவிடும், கழுவவும் முடியாது. உள்ளிருந்து வெளியே பார்த்து மெதுவாகக் காற்றடிக்கலாம், அவ்வளவுதான். எண்ணெய்க் கை பட்டால் அந்த இடம் செத்தது.

காட்டன் துணி ஃபில்டரில் காற்று நன்றாகப் போகும், பொடியும் கூடவே போகும். 50 சிசிக்கு அந்தக் கூடுதல் காற்றால் ஒரு லாபமும் இல்லை. ஃபோம் அப்படியில்லை. அதன் முழுக் கனத்திலும் வளைந்து வளைந்து போகும் துளைகள், அவற்றின் சுவரெல்லாம் பிசுக்கு. உள்ளே வரும் மண் எங்காவது ஒட்டித்தான் ஆக வேண்டும். இதில் எங்கள் ஓட்டு சந்தேகமில்லாமல் ஃபோமுக்கு.

விலை குறைந்த 49 சிசி வண்டிகள் சிலவற்றில் பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரின் வாயில் வெறும் கம்பி வலை உருண்டை மட்டும் இருக்கும். அதை ஃபில்டர் என்று சொல்வதே அதிகம். கார்புரேட்டர் வாயின் வெளிவிட்டத்தை அளந்து, அதே அளவுக்கு கிளாம்ப் வைத்த ஃபோம் ஃபில்டர் வாங்கி மாட்டுங்கள்.

எதில் கழுவுவது?

பெட்ரோல் சட்டென்று அழுக்கை எடுக்கும். ஃபோமை ஒட்டிய பசையையும் எடுக்கும். இரண்டு மூன்று முறைக்குள் தையல் போல இருக்கும் ஓரம் வாய் பிளக்கும். தீ ஆபத்து வேறு. மண்ணெண்ணெய் எண்ணெய்ப் பிசுக்கை இளக்கும், பசையை அவ்வளவாகத் தொடாது. ஆனாலும் நிழலில், அடுப்படியை விட்டுத் தள்ளி வைத்தே கழுவ வேண்டும். டீசலில் கழுவினால் அதுவே ஒரு படலமாகத் தங்கிவிடும்.

எங்கள் முறை இது. ஒரு சின்ன வாளியில் அரை லிட்டர் மண்ணெண்ணெய். ஃபோமை முக்கி, பைய அமுக்கி விட வேண்டும். துணி மாதிரிப் பிழியக்கூடாது, முறுக்கினால் உள்ளே கிழியும். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு ஸ்பூன் பாத்திரம் கழுவும் லிக்விட். முதல் தண்ணீர் காவி கரைத்தது போல வரும். தெளிந்த தண்ணீர் வரும்வரை மூன்று நான்கு முறை மாற்றுங்கள். சோப்புப் பவுடர் வேண்டாம், கரையாத துகள் துளைக்குள் தங்கும். இரண்டு துண்டுகளுக்கு நடுவில் வைத்து ஈரத்தை ஒற்றி, நிழலில் ஒரு ராத்திரி விடுங்கள். சுள்ளென்ற வெயிலில் போட்டால் ஃபோம் நைந்து போகும். பங்க்சர் கடைக் கம்ப்ரஸர் காற்றும் ஆகாது. ஈரம் மிச்சமிருந்தால் எண்ணெய் ஒட்டாது, அந்த இடம் மண்ணுக்குத் திறந்த வாசல்.

எந்த எண்ணெய்?

கழுவுவதில் காட்டும் அக்கறையைப் பலர் இங்கே காட்டுவதில்லை. காய்ந்த ஃபோம் வெறும் சல்லடை.

2டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் வண்டிக்கானது) பெட்ரோலில் கரைவதற்கென்றே செய்தது. கார்புரேட்டரிலிருந்து திரும்பித் தெறிக்கும் பெட்ரோல் அதைக் கழுவிக்கொண்டு போய்விடும். 20டபிள்யூ-40 இன்ஜின் ஆயில் ஒருநாள் தாங்கும்; நிறுத்தி வைத்தால் கீழே இறங்கிவிடும், மேல்பாதி காய்ந்து கிடக்கும். அவசரத்துக்கு 90 கியர் ஆயில் இதைவிடத் தேவலை, கனமானது. முதலிடம் ஃபோம் ஃபில்டர் ஆயிலுக்குத்தான். அதிலுள்ள கரைப்பான் ஆவியான பிறகு பசை மாதிரிப் பிசுபிசுவென்று நிற்கும். நீலமோ சிவப்போ நிறமும் இருப்பதால் படாத இடம் கண்ணுக்குத் தெரியும்.

ஃபோமை ஒரு பாலிதீன் பையில் போட்டு, இரண்டு டீஸ்பூன் ஊற்றி, பைக்கு வெளியிலிருந்து பிசையுங்கள். வெள்ளைத் திட்டு தெரிந்தால் இன்னும் அரை ஸ்பூன். நிறம் ஒரே சீரானதும் மிச்சத்தை அமுக்கி எடுத்துவிட்டு அரைமணி நேரம் ஆறவிடுங்கள். சொட்டச் சொட்ட மாட்டினால் காற்று குறையும், கரும்புகை வரும், பிளக் கருத்து ஸ்டார்ட் ஆகாமல் சண்டி பண்ணும்.

கழுவலாமா, மாற்றலாமா?

செம்மண்ணில் ஓடினால் ஒவ்வொரு தடவையும் கழுவ வேண்டும். சாதாரண மைதானத்துக்கு இரண்டு மூன்று ஓட்டத்துக்கு ஒருமுறை. கழுவிய ஃபோமை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். ஊசிமுனை ஓட்டை தெரிந்தாலும், ஒட்டுவாய் விட்டிருந்தாலும், கட்டைவிரலால் தேய்த்தால் பொடி உதிர்ந்தாலும் அது குப்பைக்கு. ஒட்டுப்போடுவது வீண். சோபா ஸ்பாஞ்சை வெட்டி வைப்பது அதைவிட மோசம். அதன் துளை இதற்கானதல்ல, பெட்ரோல் பட்டால் நைந்து துணுக்கு கார்புரேட்டருக்குள் போகும்.

நல்ல ஏற்பாடு இரண்டு ஃபோம் வைத்துக்கொள்வது. ஒன்று வண்டியில், இன்னொன்று எண்ணெய் போட்டு ஜிப் கவரில். ஒரு செட் பிஸ்டன் ரிங் மாற்றி, தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து போர் போடும் செலவுக்கு முன்னால் அந்த இரண்டாவது ஃபோமின் விலை ஒன்றுமே இல்லை. பிடபிள்யூ 50 மாதிரி டூ ஸ்ட்ரோக் என்றால் இன்னும் கவனம் வேண்டும். அதில் பெட்ரோல் கலந்த காற்று, பிஸ்டனுக்குக் கீழே கிராங்க் சுழலும் கிராங்க் கேஸ் வழியாகத்தான் மேலே போகிறது. மண் போனால் பிஸ்டனுக்கு முன்பே கிராங்க் பேரிங்கைத் தின்னும்.

மாட்டும்போது ஃபில்டர் உட்காரும் விளிம்பில் மெல்லிசாக ஒரு கோடு கிரீஸ் தடவுங்கள். ஃபோம் எவ்வளவு நல்லதானாலும் ஓரத்து இடுக்கில் மண் போய்விடும். கார்புரேட்டருக்குப் போகும் ரப்பர்க் குழாய்க்குள் விரலை விட்டுப் பாருங்கள். நறநறவென்றால் ஏற்கெனவே உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. ஃபில்டர் இருக்கும் பெட்டியை (ஏர் பாக்ஸ்) துடைக்கும்போது அந்தக் குழாய் வாயில் பனியன் வேஸ்ட் அடைப்பீர்கள். அதன் ஒரு முனை வெளியே நீளமாகத் தொங்கும்படி விடுங்கள், எடுக்க மறந்து கிக்கரை மிதிக்காமல் இருக்க.