மதினிக்கு நடந்த கருப்பைவாய்ப் பரிசோதனை

இந்த முறை ஊருக்குப் போனால் மதினியைக் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு அழைத்துப்போவது என்று கிளம்பும்போதே முடிவு செய்திருந்தேன். நான் வசிக்கும் இங்கிலாந்தில் 25 வயது முதல் 64 வயது வரை பெண்களுக்கு இதற்கான அழைப்பு வீடு தேடி வந்துவிடும். ஒட்டன்சத்திரம் பக்கத்தில் இருக்கும் மதினிக்கு 46 வயது. ஒருமுறைகூட அவர் செய்துகொண்டதில்லை.

"எனக்குத்தான் ஒன்றும் இல்லையே, எதற்கு?" என்று கேட்டார். ஒன்றும் இல்லாதபோது செய்துகொள்ள வேண்டிய பரிசோதனைதான் இது. இந்தப் புற்றுநோய்க்குக் காரணம் ஹெச்பிவி என்ற வைரஸ். தாம்பத்திய உறவு உள்ள பெரும்பாலோருக்கு அது எப்போதாவது தொற்றும். பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் உடம்பே அதை விரட்டிவிடும். சிலருக்கு மட்டும் தங்கிப்போய், கருப்பைவாயில் உள்ள செல்களை மெல்ல மாற்றுகிறது. புற்றாக முற்ற 10, 15 ஆண்டுகள்கூட ஆகும். அத்தனை ஆண்டுகளும் நமக்குக் கிடைக்கும் அவகாசம். இரத்தப்போக்கும் நாற்றமுள்ள வெள்ளைப்படுதலும் தொடங்கிய பிறகு போனால் அந்த அவகாசத்தில் பெரும்பகுதி கழிந்திருக்கும்.

முதலில் ஒரு தனியார் மருத்துவமனையில் விசாரித்தேன். பெண்களுக்கான முழு உடல் பரிசோதனைத் திட்டம் என்று ஒரு தொகையைச் சொன்னார்கள். அதில் இருப்பது செல்களைப் பார்க்கும் பாப் ஸ்மியரா, வைரஸைத் தேடும் ஹெச்பிவி பரிசோதனையா என்று கேட்டதற்கு வரவேற்பில் இருந்தவருக்குப் பதில் தெரியவில்லை. பணம் கட்டும் முன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே போனோம். 30 வயது தாண்டிய பெண்களுக்கு அங்கே இலவசமாகச் செய்கிறார்கள். மாதவிடாய் நாளாக இருக்கக் கூடாது. முந்தைய இரண்டு நாட்கள் உறவையும் உள்ளே வைக்கும் மருந்துகளையும் தவிர்க்க வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொன்னார் செவிலியர். மதினி சேலை உடுத்திப் போனது வசதியாயிற்று. எதையும் முழுதாகக் களைய வேண்டியிருக்கவில்லை.

மேசையில் மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கிக்கொள்ளச் சொல்லி, பிறப்புறுப்பை விரித்து உள்ளே பார்க்க உதவும் ஸ்பெகுலம் என்ற கருவியைச் செவிலியர் மெதுவாக நுழைத்தார். "மூச்சை இழுத்து விடுங்கள் அக்கா, இடுப்பைத் தூக்காதீர்கள்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மதினி என் கையைப் பற்றியிருந்தார். விளக்கைத் திருப்பி, நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் நனைத்த பஞ்சைக் கருப்பைவாயில் வைத்து ஒரு நிமிடம் காத்திருந்தார். வீட்டு வினிகரில் இருப்பதும் இதே அமிலம்தான். மாறிய செல்கள் இருந்தால் அந்த இடம் வெள்ளையாகத் திட்டுக் கட்டும். மதினிக்கு இலேசான எரிச்சல், அவ்வளவுதான். பிறகு அயோடின் தடவினார். நல்ல செல்கள் அதில் கரும்பழுப்பாகும். மாறியவை மஞ்சளாக நிற்கும். "எல்லாம் நன்றாக இருக்கிறது" என்று அங்கேயே சொன்னார். அன்று முழுவதும் பழுப்பு நிறத்தில் கொஞ்சம் கசியும், பயப்படாதீர்கள் என்று ஒரு நாப்கினையும் கொடுத்தார்.

முடிவு உடனே கையில் கிடைப்பதன் அருமை எனக்கு அங்கேதான் புரிந்தது. இங்கிலாந்தில் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டுக் காத்திருப்போம். காட்டு வேலையின் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரும் பெண்ணால் இரண்டாம் முறை வர முடியாமல் போகலாம். இந்த எளிய முறைக்குச் சான்று எங்கள் பக்கத்திலிருந்தே கிடைத்தது. 2000-ஆம் ஆண்டு தொடங்கி அம்பிளிக்கையை மையமாகக் கொண்டு திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயது வரையிலான பெண்களிடம் பயிற்சி பெற்ற செவிலியர்கள் இந்த அமிலப் பரிசோதனையைச் செய்தார்கள். பரிசோதனை நடந்த ஊர்களில், நடக்காத ஊர்களைவிட, இந்தப் புற்றால் நேரும் சாவு 35 சதவீதம் குறைந்தது என்று 2007-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. எங்கள் பெரியம்மாக்கள் காலத்துப் பெண்கள் ஒத்துழைத்ததால் உலகம் அறிந்துகொண்ட செய்தி இது. அதே மாவட்டத்தில் மதினி போன்றவர்கள் இன்னும் விடுபட்டிருப்பது என் மனத்தை உறுத்துகிறது.

குறைகளும் உண்டு. திரை இருந்தது, ஆனால் கதவைத் தாழிடவில்லை. இருமுறை யாரோ எட்டிப்பார்த்தார்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே திரும்பிப் போய்விடும் பெண்கள் இருப்பார்கள். தாழ்ப்பாள் போடுவதற்குச் செலவே கிடையாது. மேலும், கண்ணால் பார்க்கும் முறையைவிட ஹெச்பிவி பரிசோதனை துல்லியமானது. உலக சுகாதார அமைப்பும் 2021 முதல் அதையே முதன்மையாகப் பரிந்துரைக்கிறது. மாதவிடாய் நின்றவர்களுக்குப் பார்க்க வேண்டிய பகுதி உள்ளே போய்விடுவதால் அமில முறை அவ்வளவாகப் பயன்படாது. அவர்களுக்கு வேறு பரிசோதனையைக் கேட்பதே சரி.

செய்தி தெருவில் பரவியதும் சாயங்காலம் திண்ணையில் கேள்விகள் குவிந்தன. கருப்பையை எடுத்தவர்களுக்கும் வேண்டுமா? வாய்ப்பகுதியையும் சேர்த்து எடுத்தார்களா, எதற்காக எடுத்தார்கள் என்று பழைய டிஸ்சார்ஜ் சீட்டைக் காட்டி மருத்துவரிடம் கேட்க வேண்டும். வெள்ளைத் திட்டு தெரிந்தால் புற்றுநோயா? அப்படி முடிவு கட்டிவிட முடியாது, பெரிய மருத்துவமனைக்கு அனுப்பி, கால்போஸ்கோபி என்ற உருப்பெருக்கியால் பார்ப்பார்கள், தேவையென்றால் சிறு சதைத் துணுக்கு எடுப்பார்கள். புற்றுக்கு முந்தைய மாற்றமாக இருந்தால் கருப்பையை எடுக்காமலே அந்த இடத்தை மட்டும் உறைய வைத்தோ சுட்டோ நீக்கிவிடலாம்.

மதினிக்கு ஐந்து ஆண்டு கழித்து மறுபடி செய்ய வேண்டும். அதை யார் நினைவூட்டுவது? அம்மாவுக்கு இரத்த அழுத்த மாத்திரையை மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவரும் பெண்ணிடம் இதைச் சொன்னேன். ஒவ்வொரு வீட்டிலும் யாருக்கு எந்த ஆண்டு என்று அவரைப் போன்றவர்கள் கையில் ஒரு பட்டியல் இருந்தால், எனக்கு வரும் கடிதத்தின் வேலையை அதுவே செய்துவிடும். அவர் கேட்டுக்கொண்டு, தனக்கும் 38 வயது, தானும் இன்னும் செய்துகொள்ளவில்லை என்றார். மதினி உடனே அவரை உட்காரவைத்து, எந்தக் கிழமை கூட்டம் குறைவு, என்ன உடுத்திப் போவது, எந்தச் செவிலியரைக் கேட்பது என்று விளக்கத் தொடங்கினார்.