ஆரம்ப சுகாதார நிலையமா, சொந்த கிளினிக்கா? நெல்லைப் பக்கத்து இளம் டாக்டர்களுக்கு

ஹைகிரவுண்டில், அதாவது நெல்லை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில், ஹவுஸ் சர்ஜன்சி என்கிற எம்பிபிஎஸ் கடைசிப் பயிற்சியை முடித்த பிள்ளைகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இதுதான்: "சார், ஸ்பெஷாலிட்டி பக்கம் போகலை, குடும்ப டாக்டராவே இருக்கலாம்னு பார்க்கேன். எங்க சேர?" தனியார் ஆஸ்பத்திரியில் ட்யூட்டி டாக்டர், ஆரம்ப சுகாதார நிலையம், சொந்த கிளினிக் என்று மூன்று வழி. வளைகுடா நாலாவது. கடனோ, தங்கச்சி கல்யாணமோ இருந்தால் அந்த நாடுகளில் டாக்டராக வேலை பார்க்க உரிமம் தரும் பிராமெட்ரிக் தேர்வை எழுதிவிட்டுப் போய் வா, அவ்வளவுதான் சொல்வேன்.

ட்யூட்டி டாக்டர் வேலையில் கேட்ட மறுநாளே சேர்ந்துவிடலாம். வண்ணார்பேட்டையில் நானும் இரண்டு வருஷம் பார்த்தேன். பாம்புக்கடி, பூச்சிமருந்து குடித்தவர், நாற்கரச் சாலை விபத்து என்று ராத்திரி முழுக்க வரும். கை நன்றாகப் பழகும். ஆனால் காலையில் கன்சல்டன்ட் ரவுண்ட்ஸ் வந்ததும் நோயாளி அவருடைய ஆள். டிஸ்சார்ஜ் எழுதுவது நாம், அடுத்த மாதம் வந்து தேடுவது அவரை. குடும்ப டாக்டராக நினைப்பவருக்கு ஒரு வருஷம் போதும், நான் ஒரு வருஷம் கூடுதலாக இருந்துவிட்டேன்.

ஆரம்ப சுகாதார நிலையம் என்றால் அரசு வேலை, அதற்கு எம்ஆர்பி (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) நடத்தும் தேர்வு. எம்பிபிஎஸ் போதும், மூன்று வருஷம் டிஎன்பி பேமிலி மெடிசின் என்கிற குடும்ப மருத்துவ மேற்படிப்பு படித்தவரும் அதே உதவி மருத்துவர் பதவியில்தான் சேர்வார். அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாயில் தொடங்கும், மேலே அகவிலைப்படி. பின்னால் மனசு மாறினால் மேற்படிப்பில் அரசு டாக்டர்களுக்குத் தனி ஒதுக்கீடும் உண்டு. செவ்வாய் கர்ப்பிணிகள், புதன் தடுப்பூசி. வயிற்றில் இருந்தபோது பார்த்த பிள்ளைக்கு நாமே தடுப்பூசியும் போடுவோம். இந்த வேலையின் ருசியே அதுதான். குறை என்றால் ரிப்போர்ட், மீட்டிங், முகாம். அப்புறம் எந்த ஊர் என்று ஒதுக்கும் கவுன்சலிங். களக்காட்டை மனசில் வைத்துப் போனவன் தர்மபுரி ஆர்டரோடு திரும்பி வருவான்.

சொந்த கிளினிக்கில் ஊரை நாமே தேர்ந்தெடுக்கலாம், அதிலும் ஏமாறலாம். நான் முதலில் சேரன்மகாதேவியில் உரக்கடைக்கு மேலே மாடியில் பிடித்தேன், வாடகை குறைவு என்று. மூட்டுவலிக்காரர்கள் படிக்கட்டைப் பார்த்துவிட்டுக் கீழேயே நின்றார்கள். ஸ்டெதஸ்கோப்போடு நான் இறங்கிப் போய் உரமூட்டை மேல் உட்காரவைத்துப் பார்த்தேன். ஆறு மாதத்தில் காலி செய்து பஸ் ஸ்டாப் பக்கம் தரைத்தளத்துக்கு வந்தேன். இதுபோக மருத்துவ நிறுவனங்கள் சட்டப்படி பதிவு, ஊசி-பஞ்சுக் கழிவை எடுத்துப் போக மாதக் கட்டணம். முதல் வருஷம் கையைக் கடிக்கும். ஊசி போடாவிட்டால் வைத்தியமே இல்லை என்று நினைப்பவர்களிடம் "வேண்டாம்" என்று சொல்லிப் பழகவும் அந்த வருஷம் சரியாகப் போகும்.

2021-ல் மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் வந்ததிலிருந்து சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கே போய்விடுகிறது. மாதாமாதம் வருகிற அந்தக் கூட்டத்தை நம்பி இப்போது கிளினிக் திறக்காதே. ஆனால் வேறொன்று நடக்கிறது. பீடி சுற்றுகிற ஆச்சி ஒருத்தி அந்த மாத்திரைகளை முந்தானையில் முடிந்துகொண்டு வந்து மேஜையில் கொட்டுவாள். "எய்யா, இதுல எது காலைல, எது ராத்திரி?" பிரித்துச் சொல்லி, கால் புண்ணையும் பார்த்து அனுப்பப் பத்து நிமிஷம் ஆகும். பீஸ் வாங்கக் கை வராது. அடுத்த வாரம் காய்ச்சலோடு பேரனைக் கூட்டி வருவாள்.

என் ஓட்டு இப்படி: எம்ஆர்பி கிடைத்து, தூக்கி அடிக்காத ஊரும் அமைந்தால் அதுதான் முதலிடம். ட்யூட்டி நேரம் போக சாயங்காலம் கிளினிக் வைக்கவும் தமிழ்நாட்டில் தடையில்லை. பலர் அப்படித்தான் இரண்டையும் ஓட்டுகிறார்கள். வெளியூர்தான் கிடைத்தது, வீட்டில் வயசானவர்கள் இருக்கிறார்கள் என்றால் முக்கூடல், திசையன்விளை மாதிரி ஊரில் கிளினிக் போடு. மாடி மட்டும் வேண்டாம்.